நானூறு என்று ஒட்டிய லேபிள்

1

நம்மூர்ப் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு என்னிடம் நாலு பக்கம் கேட்டிருக்கிறார்கள். ‘மும்பையில் நான் காலூன்றிய கதை’ என்று தலைப்பையும் அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் படித்து ஊக்கம் பெற வேண்டுமாம். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி எழுதியதும் கடைக்கு ஒரு பெண் வந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தலைப்பில் எழுத முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் மலர்க் குழுவின் விருப்பம்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் செல்லத்துரை. ஆலங்குளத்திலிருந்து மும்பைக்கு வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வாஷியில் ஒரு படுக்கையறை கொண்ட வீடு. மனைவி இறந்து மூன்று வருஷம். ஒரே மகள் திவ்யா பூனாவில் வேலை பார்க்கிறாள்.

காலையில் எட்டு மணி லோக்கல். குர்லாவில் இறங்கி வண்டி மாறி மாட்டுங்கா. சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவேன். வீட்டில் பூட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா “ஆலா கா?” என்று கேட்பார். வந்தாச்சா என்று அர்த்தம். “ஆலோ” என்பேன். பல நாட்களில் கடையை விட்டு வந்தபின் நான் பேசும் பேச்சு அந்த ஒற்றைச் சொல்தான்.

திவ்யா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். “பப்பா, கானா காயா?” என்பாள். “சாப்பிட்டேன் தாயி” என்பேன். “பப்பா, ஸ்லோவா பேசு” என்பாள். தமிழ் அவளுக்குக் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. ‘அ’வையும் ‘ஆ’வையும் சேர்த்து வைத்துக் கேட்டால் யோசிப்பாள். இந்தக் கட்டுரை அச்சாகி வந்தாலும் அவளால் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2

நான் தனியாக இந்த ஊருக்கு வரவில்லை. என் கூட வந்தவன் சுப்பையா. ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே ரயில் பெட்டி. தாராவியில் ஒரு மாடி அறையில் ஏழு பேரில் இருவராகப் படுத்துக்கிடந்தோம். ஏணி வைத்து ஏற வேண்டிய அறை அது. சுப்பையாவுக்கு வாய் இருந்தது, எனக்குப் பொறுமை இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வியாபாரம் நடத்திவிடலாம் என்று அவன்தான் சொன்னான்.

நாங்கள் பிடித்த வியாபாரம் ரேம். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: சீப்பு மாதிரி நீளமாக, பச்சைப் பலகையில் கறுப்புச் சிப்புகள் வரிசையாக இருக்கும். கம்ப்யூட்டர் அந்த நிமிஷம் செய்கிற வேலையைக் கையில் வைத்திருக்கும் இடம் அது. அதற்கு ஒரு வேகம் உண்டு. இருநூற்று அறுபத்தாறு என்று போட்டிருந்தால் ஒரு வினாடிக்கு இருபத்தாறு கோடியே அறுபது லட்சம் தடவை அது வாங்கிக் கொடுக்கும். நானூறு என்றால் நாற்பது கோடி. ஒரே மாதிரிப் பலகை, ஒரே மாதிரிச் சிப்பு. எண் மட்டும் வேறு, விலை வேறு.

மற்றவர்கள் பஸ் நம்பரை வைத்து இந்தி எண் கற்றுக்கொள்வார்கள். நான் ரேமை வைத்துக் கற்றேன். தைந்தீஸ் என்றால் முப்பத்து மூன்று, சியாசட் என்றால் அறுபத்தாறு. முதல் வாரத்தில் மொத்த வியாபாரியிடம் போய், அப்போதைய வேகமான நூற்று முப்பத்து மூன்று கேட்பதற்குப் பதிலாக நூற்று நாற்பத்து மூன்று கேட்டேன். அப்படி ஒரு ரேம் உலகத்திலேயே கிடையாது. அந்த சேட் சிரிக்காமல் உள்ளே திரும்பி, “மதராஸிக்காக நூற்று நாற்பத்து மூன்று ஒன்று செய்யச் சொல்லு” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அறைக்கு வரும் வழியெல்லாம் சுப்பையாவும் சிரித்தான். பிறகு ஏணி ஏறும்போது, “விடுலே, நாளைக்கு நான் கேக்கேன்” என்றான்.

ரேஷன் கார்டுக்குப் போனபோதும் அவன்தான் கூட வந்தான். மராத்தி படிவத்தில் ‘ஆட்நாவ்’ என்று ஒரு கட்டம். குடும்பப் பெயர். எங்களுக்கு அது கிடையாது என்று நான் விளக்க, அப்படியிருக்க முடியாது என்று குமாஸ்தா சொல்ல, மூன்று நடை நடந்தோம். நாலாவது நடையில், “காவ் கோண்த்தா?” என்றார். எந்த ஊர் என்று கேட்கிறார். சொன்னேன். எழுதிவிட்டார். இன்றைக்கும் என் ஆதாரில், பான் கார்டில், என் மகளின் பட்டத்தில் எங்கள் குடும்பப் பெயர் ஆலங்குளம். திவ்யா ஆலங்குளம். அந்த ஊரை அவள் மொத்தம் ஐந்து தடவை பார்த்திருப்பாள்.

3

புது ரேம் இந்த நகரத்துக்குள் வருவதை ரயில் தடத்தை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் பெரிய ஆபீஸ்களில் தெரியும். ஒரு வருஷம் கழித்து மாட்டுங்கா வீடுகளுக்கு வரும். பிள்ளை இன்ஜினியரிங் சேர்ந்திருப்பான். அதற்கும் பிறகு தாராவி டைப்பிங் வகுப்புகளுக்கு. கடைசியில் கல்யாண் தாண்டி உல்லாஸ்நகர். மேலே புதியது வந்ததும் பழையது கீழே இறங்கும். இடையில் ஒரு காலம் உண்டு. புதியதன் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எல்லோரும் அதையே கேட்பார்கள், சரக்கு மட்டும் போதாது. பழையதில் புது லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம்.

நானூறு வந்த புதிதில் அப்படித்தான் ஆனது. அப்போது தாராவியில் எங்கள் பெயரில் ஒரு சின்னக் கடை இருந்தது. சுப்பையா சரக்குப் பிடிப்பான், விற்பான். நான் பின்னால் மேஜையில் உட்கார்ந்து சோதித்து, சரியாக இருந்தால் ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு ‘செ’ போடுவேன். பச்சை ‘செ’ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சந்தையில் சொல்வார்கள்.

ஒரு நாள் ஒரு டைப்பிங் வகுப்பிலிருந்து நாற்பது ரேம் கேட்டார்கள். நானூறு வேகம்தான் வேண்டும் என்றார்கள். சுப்பையா மூன்று நாள் அலைந்தான். நாலாம் நாள் நாற்பதையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சிப்பின் மேல் கம்பெனி அடித்த பொடி எழுத்தை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். லேபிள் மட்டும் புதிது.

“இது இருநூத்தி அறுபத்தாறுலா?” என்றேன்.

“ஓடும்லே. பத்து நிமிஷம் போட்டுப் பாரு, ஓடும்.”

“முழு டெஸ்ட் போட்டா ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்.”

“ஒனக்கு எங்கலே நேரம்?” என்றான் சுப்பையா. “மத்தியானம் ரயிலு. புள்ளயப் பாக்கண்டாமா?”

அன்று காலைதான் ஊரிலிருந்து போன் வந்திருந்தது. திவ்யா பிறந்திருந்தாள். டிக்கெட்டைக்கூட அவன்தான் வாங்கி வைத்திருந்தான்.

குளிரூட்டிய அறையில் பத்து நிமிஷம் எந்த ரேமும் ஓடும். அதைத் தகுதிக்கு மீறிய வேகத்தில் விரட்டினாலும் சூடு ஏறும்வரை தாக்குப்பிடிக்கும். அது எனக்குத் தெரியும். நாற்பதையும் இரண்டு இரண்டாகப் போட்டேன், பத்து நிமிஷம்கூட முழுதாக விடவில்லை. நாற்பதிலும் பச்சை ‘செ’ போட்டேன். தாதருக்கு ஓடிப்போய் ரயில் ஏறினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

4

மே மாதத்து மும்பையை நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நம்மூர் வெயில் சுடும், இங்கே வேகவைக்கும். அந்த வகுப்பில் இருபது கம்ப்யூட்டரும் இரண்டு மின்விசிறியும் இருந்தன. நான் ஊரிலிருந்து திரும்பிய பிறகு, அரசு வேலைக்கான டைப்பிங் பரீட்சை அங்கேதான் நடந்தது.

எங்கள் அறைக்கு எதிரே ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பெண் இசக்கியம்மாள். அப்போது பத்தொன்பது வயது. அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. தேறாவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பரீட்சையில் அவளுடைய கம்ப்யூட்டர் ஏழாவது நிமிஷத்தில் உறைந்தது. அணைத்துப் போட்டார்கள், மறுபடி உறைந்தது. அவளோடு இன்னும் ஐந்து பேருக்கு அப்படி ஆனது. மேற்பார்வைக்கு வந்தவர் ‘முடிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுபரீட்சை கேட்டு மனு மேல் மனு போட்டார்கள். மராத்தியில் எழுதிக் கொண்டுவா என்றார்கள். எழுதிக் கொடுத்ததும், இது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள்.

வகுப்பு நடத்தியவர் வைரஸ் என்றார். பெண்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றும் சொன்னார். இசக்கி தண்ணீர்க் குழாயடியில் யாரிடமும் பேசாமல் நின்றதை மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் வகுப்புக்குப் போய் ஒரு ரேமைக் கழற்றி, விசிறியை நிறுத்திவிட்டு முழு சோதனை போட்டேன். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள் கொட்டின. வகுப்புக்காரர், பெண்கள், அவர்களுடைய அப்பாக்கள் எல்லோரும் நின்றார்கள். சுப்பையாவும் வந்து சேர்ந்தான்.

“இது நானூறு இல்ல. பழைய சரக்கு. லேபிள் மாத்தி ஒட்டியிருக்கு” என்றேன்.

“யாரு ஒட்டுனது?” என்று இசக்கியின் அப்பா கேட்டார்.

நான் சுப்பையாவைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது. ஓரத்தில் இருந்த பச்சை ‘செ’ எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னவன் மீது யார் சந்தேகப்படுவார்கள்? சுப்பையாதான் பழைய சரக்கில் என் குறியையும் போலியாகப் போட்டுவிட்டான் என்று அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. சுப்பையா வாய் திறந்தால் என் கதை முடிந்தது. அவன் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். பேசிப் பேசியே சரக்கு விற்றவன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து நான் கடையிலேயே படுத்தேன், அறைக்கு ஏணி ஏறவில்லை. இரண்டு மாதத்தில் அவன் தாராவியை விட்டுப் போனான். எனக்கு ‘நேர்மையான ஆள்’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் மாட்டுங்காவில் கடை பிடித்தேன். மலர்க் குழு கேட்ட காலூன்றிய கதை இதுதான்.

5

இந்த வருஷம் ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. செயற்கை அறிவுக்காகக் கட்டும் பெரிய கூடங்களுக்கே சிப்புகளெல்லாம் போகின்றன, கம்பெனிகள் பழைய வகை செய்வதைக் குறைத்துக்கொண்டன என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். டிடிஆர் ஐந்து என்று புது வகை ரேம் வந்தாயிற்று. நாலு வைத்திருப்பவர்கள் அதை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டத் தவிக்கிறார்கள். மறுபடி லேபிள் காலம்.

போன வாரம் ஒரு பெண் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, முன்னந்தலையில் நரை.

“அண்ணாச்சி, என்னத் தெரியுதா?” என்றாள். “இசக்கி. தாராவில ஒங்க எதிர் ரூம்.”

எழுந்து நின்றுவிட்டேன். அவள் கல்யாணமாகி சூரத் போய், திரும்பி வந்து, இப்போது செம்பூரில் ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் படிவங்கள் நிரப்பித் தரும் கடை வைத்திருக்கிறாளாம்.

“ரெண்டு ரேம் மலிவா கெடச்சுதுன்னு போட்டேன் அண்ணாச்சி. ஃபார்ம் பாதில ஹேங் ஆவுது. ஒரு பாட்டிக்கு மூணு தடவ கைரேகை வச்சும் சப்மிட் ஆகல. பாவம், அழுதுட்டா.”

கழற்றிப் பார்த்தேன். லேபிள் மூவாயிரத்து இருநூறு என்றது. ஓரத்தை நகத்தால் உரித்தேன். சிப்பில் இருந்த எண் இரண்டாயிரத்து நானூறு. இவர்களுக்கு உப்புத்தாளுக்குக்கூடப் பொறுமை இல்லை.

இசக்கி எட்டிப் பார்த்தாள். “அந்தச் சுப்பையா அண்ணாச்சி மாதிரி ஆளுங்க இன்னும் இருக்காங்க பாத்தீங்களா! அன்னைக்கு நீங்க மட்டும் வந்து சொல்லலன்னா, எனக்கு டைப்பிங்கே தெரியாதுன்னுதான் வீட்ல நெனச்சிருப்பாங்க. அந்த ஒரு சொல்லாலதான் பின்னாடி கட தொறக்க விட்டாங்க. எம் பிள்ளைங்ககிட்ட ஒங்களப் பத்திச் சொல்லியிருக்கேன்.”

வேறு எவ்வளவோ பேருடைய பாராட்டை இத்தனை வருஷம் சிரித்தபடி வாங்கியிருக்கிறேன். இதை வாங்க முடியவில்லை.

“இசக்கி, ஒக்காரு” என்றேன். “அந்த ரேமுல பச்சைல ‘செ’ போட்டது நாந்தான். போலி இல்ல. லேபிள் மாத்துனது தெரிஞ்சேதான் போட்டேன். பத்து நிமிஷம் ஓட்டிட்டு, ரயிலுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். எம்மக பொறந்திருந்தா.”

அவள் உட்காரவில்லை. வெளியே டாக்ஸிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அது நின்றதும் கேட்டாள்:

“ஒங்க மகளுக்கு இப்ப என்ன வயசு?”

“இருபத்திரண்டு.”

“வேலைக்குப் போவுதா?”

“போகுது.”

தலையை ஆட்டினாள். பிறகு என் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“வேற ரேம் எடுங்க. முழு டெஸ்ட் போடுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்.”

நாலரை மணி நேரம் ஆயிற்று. நான் டீ வரவழைத்தேன்; அவள் தொடவில்லை. வந்த வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினேன். திரையில் சதவீதம் ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்க்காமல் இருந்தேன். ஒரு முறை மட்டும் போனில், “நேரமாகும். சோறு வடிச்சி வையி” என்றாள். கடைசிச் சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது. பெட்டியை மூடி, திருகுகளை முடுக்கிக் கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றதற்கு, “அதெல்லாம் சரிப்படாது” என்று மேஜையில் வைத்தாள்.

வாசலில் நின்று, “சுப்பையா அண்ணாச்சி எங்க இருக்காரு?” என்று கேட்டாள்.

“உல்லாஸ்நகர்ல மொபைல் கவர் விக்கிறான்னு கேள்வி.”

“கேள்வியா?” என்றாள். போய்விட்டாள். மறுபடி வருவாளா என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை தானே ஸ்டேஷன் போய், அங்கே வண்டி மாறி உல்லாஸ்நகரில் இறங்கினேன். விசாரித்து விசாரித்து மத்தியானத்துக்குள் கண்டுபிடித்தேன். ஒரு பெரிய துணிக்கடைப் படிக்கட்டின் கீழே, ஆள் அகலத்துக்கு ஒரு பலகை. நூற்றுக்கணக்கான போன் உறைகள் தொங்க, நடுவில் சுப்பையா. தொப்பை விழுந்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தான். ஒரு பெண்ணிடம் சிந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு சிந்தி வரும் என்பது எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்தான். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, “வா” என்றான். அவ்வளவுதான்.

பக்கத்து டீக்கடையில் நின்றபடியே இசக்கி வந்ததையும் நான் சொன்னதையும் அவனிடம் சொன்னேன். டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தான்.

“மூணு வருஷத்துக்கு முன்னால ஒம் பொண்டாட்டி தவறுனது கேள்விப்பட்டேன்” என்றான். “வரணும்னு கெளம்பி, கல்யாண் வரைக்கும் வந்தேன். திரும்பிட்டேன்.”

அந்த வீட்டில் பதினாறு நாளும் நான் யாரை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

“அன்னைக்கு ஏன்லே நீ ஒண்ணும் சொல்லல?” என்று கேட்டேன். “செ போட்டது இவந்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா.”

“சொல்லி? ஒனக்குக் கைப்புள்ள. எனக்கு யாரு இருந்தா? ரெண்டு பேரும் சேந்து நாறதுக்கு ஒருத்தன் போனாப் போதும்னு நெனச்சேன்.” டீக்குக் காசை எடுத்து வைத்தான். “நீ மறுநாளாவது ஏணி ஏறி வருவேன்னு பாத்தேன்.”

ஸ்டேஷன் வரைக்கும் கூட நடந்து வந்தான். பிளாட்பாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தானே வழி லோக்கல் வருவதாக அறிவித்தார்கள்.

“செல்லத்துர” என்றான். “நீ அவகிட்ட உண்மையச் சொன்ன, சரி. ஆனா அன்னைக்கும் உண்ம சொன்னவன் நீதான், இன்னைக்கும் நீதான். ரெண்டு தடவையும் நீதான் நல்லவனாயிட்டு வந்துட்ட. லேபிள் ஒட்டுனது என் கையி. அவ மொகத்தப் பாத்து நான் ஒண்ணும் சொன்னதில்ல. அந்த எடத்த எனக்கு விட்டிருக்கலாம்லாலே.”

அதற்குள் வண்டி வந்துவிட்டது. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே ஏற்றியது. கதவுக் கம்பியைப் பிடித்துத் திரும்பினேன். அவன் வண்டியை ஒட்டி நடந்தபடி கையைக் குவித்துக் கத்தினான்.

“அவ கட செம்பூர்ல ஈஸ்டா, வெஸ்டா?”

“ஈஸ்ட்!” என்று கத்தினேன். “ஈஸ்ட்லே, ஸ்டேஷன விட்டு எறங்குனதும்!”

வண்டி வேகம் எடுத்துவிட்டது. அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. போன் நம்பர் வாங்கிக்கொள்ள இருவருக்குமே தோன்றவில்லை. தானே ஸ்டேஷன் வரும்வரை கதவோரமே நின்றிருந்தேன். கல்யாணில் கூட்டம் இறங்கியபின் உள்ளே உட்கார இடம் இருந்தது.